முட்டியில் றம்பை மணம்

ஏரம்பு கள்ளில் தண்ணீர் கலக்கிறார் என்று மடத்துவெளி முழுக்கச் சொல்லித் திரிந்தவர் சிவக்கொழுந்து. இத்தனை வருடமாகியும் ஏரம்புக்கு அது ஆறவில்லை. சிவக்கொழுந்து பக்கத்து வளவுக்காரி. புருசன் செத்தபின் நாலு ஆட்டை வளர்த்தே மகளைக் கரைசேர்த்த மனுசி. ஆனால் வாய் வேலிக்கு மேலால் வரும்.

மாசியில் கள் குறையத் தொடங்கியது. விடியப் பனையேறினால் பாளையில் கட்டிய முட்டியில் பாதிதான் நிற்கும். "நீர் குடிச்ச மிச்சமோ எங்களுக்கு?" என்று வாடிக்கைக்காரர் நக்கலடித்தார்கள். இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் முட்டியின் வாயை மணந்து பார்த்தார். றம்பை இலை! குசினியில் இறைச்சி கொதிக்கும்போது எழும்புகிற அதே மணம். பனையில் இருந்தபடியே கீழே பார்த்தார். அந்தக் குறிச்சியில் றம்பை நின்றது சிவக்கொழுந்தின் கிணற்றடியில் மட்டும்தான். அங்கே மூன்று நேரமும் சாப்பிடுகிறவன் மருமகன் நிரோஜன்.

இறங்கியதும் வேலியடிக்குப் போனார்.

"அக்கா, உங்கட மருமோன் பனை ஏறுவானோ?"

"அவன் கதிரையில ஏறினாலே தலை சுத்துறவன். ஏன் கேக்கிறீர்?"

"என்ர முட்டியில உங்கட றம்பை மணக்குது."

சிவக்கொழுந்து விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்சால வாரும்."

ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னே, மதில் மேல், பழக்கொட்டை நிறைந்த எச்சம் குவிந்து கிடந்தது. பழையதன் மேல் புதியது. "ஒரே இடத்திலதான் வெளிக்கு இருக்கும், எங்கட சீமாட்டி." கொட்டிலின் பரணைக் காட்டினார். ஏரம்பு எட்டிப் பார்த்தார். கறுத்த முகத்து மரநாயொன்று மூன்று குட்டிகளைச் சுற்றி உறங்கியது. பரண் முழுக்க றம்பை மணம்.

"வாலடியில ஒரு நெய் சுரக்கும். ஏறுற மரத்திலயெல்லாம் பூசிப்போட்டு வரும். பகல் முழுக்க நித்திரை, இரவில உம்மட கள்."

"அப்ப உங்களுக்கு முந்தியே தெரியும்!"

"ஓம். சொன்னா அதை அடிச்சுப்போடுவீர்."

ஏரம்பு போய் ஒவ்வொரு பனையின் அடியிலும் கயிற்றால் முள் கட்டினார். முட்டிகள் நிறைந்தன. போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனாலும் மனுசி தன் ஆடுகளுக்குக் குழை வெட்டும்போதெல்லாம் கத்தி முள்ளுக்கயிற்றுப் பக்கம் போகிறதா என்று அவர் கண் வைத்திருந்தார்.

பங்குனியில் சிவக்கொழுந்து மகளோடு கொழும்புக்குப் போனார். திரும்பி வரவில்லை. போன அன்று, குறிகட்டுவான் துறையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறியிருந்து, யன்னலால் தலையை நீட்டிக் கூப்பிட்டார்:

"ஏரம்பு, குட்டியள் இன்னும் பால் குடிக்குது. தாய்க்கு வேலியோரப் பனை முள்ளை மட்டும் அவிட்டு விடும்."