ஒன்று குறையும் கூட்டல்

கிரேன்காரர் கூட்டிக்கொண்டிருக்கிறார். பல் துலக்கிய கையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால், நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நிரம்பாமல் எழமாட்டார். உதடுகள் அசையும். அடுத்த வரிசைக்கு ஏற வேண்டிய இலக்கத்தை இடது கை விரல்களில் மடக்கிப் பிடித்திருப்பார். அந்நேரம் டம்ளரை நீட்டினால் வாங்குவதற்குக் கை இருக்காது.

எண் ஒன்றேதான்: மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. அதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களில், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூட்டினால் அதுவே திரும்பி வரும் என்று மருத்துவமனையில் கிடந்த பழைய பத்திரிகையில் படித்தார். பாதி பாதியாகப் பன்னிரண்டு முறை உடைத்தார். 8191 வந்து நின்றது. அதற்குமேல் எதற்கும் மசியவில்லை. பன்னிரண்டு இரண்டுகளையும் அந்த 8191ஐயும் மாற்றி மாற்றிப் பெருக்கி இருபத்துநான்கு எண்களைப் பட்டியல் போட்டார். கூட்டினால் முப்பத்தாறுக்குப் பதில் முப்பத்தைந்தில் முடிகிறது. நாற்பது நாளாக இதே கதை.

சரக்குக் கிடங்கில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஒரு மத்தியானம், எந்தப் பிடியை இழுத்தால் கிரேன் இடப்பக்கம் போகும், எந்தப் பிடிக்கு வலப்பக்கம் போகும் என்பது சில நிமிடம் சுத்தமாக மறந்துபோனது. இரும்புச் சுருள் தவறான இடத்தில் இறங்கியது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

"டாக்டர் சரின்னுட்டாரு. எனக்குத்தான் சரியாகல" என்பார். வேலைக்குத் திரும்பும் படிவம் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. இன்றுதான் கடைசி நாள்.

"பத்திரிகைல தப்பா போடுவானா? கூட்டல்லயும் தப்பில்ல. அப்ப மண்டைலதான் ஏதோ கழண்டிருக்கு."

மனைவி தையல்காரி. ஊசிகளை உதட்டில் கவ்வியபடி ரவிக்கைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள், அவற்றை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, ஒண்ணு விட்டுப்போச்சோ?"

"அதத்தானே சொல்றேன். ஒண்ணு குறையுது."

"அதில்லீங்க. ஒண்ணு."

"எந்த ஒண்ணு?"

"ஒண்ணுங்கற ஒண்ணு! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவோமே, அந்த ஒண்ணு."

பட்டியலின் உச்சியைப் பார்த்தார். இரண்டில் தொடங்கியிருந்தது.

"அது எல்லாத்தையுமே வகுக்குமே. அதப் போயி யாரு எழுதுவா?"

"நீங்கதான் எழுதணும்."

எழுதினார். கூட்டினார். முப்பத்தாறு வந்தது. அவள் சிரித்தபடி பேனாவையும் படிவத்தையும் அவர் பக்கம் தள்ளினாள். அவர் முகம் தெளியவில்லை.

"நாப்பது நாளா கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. இது மறதியா, இல்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமா?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

"எனக்கும் தெரியலயே."

படிவத்தை மெல்ல ஓரமாக நகர்த்தினார். புதிய தாளில் அந்த எட்டு இலக்கங்களையும் இடம்விட்டு எழுதி, பக்கத்தில் கோடு போட்டு, அதற்கு வெளியே ஒன்று என்று எழுதினார். பிறகு இடது கை விரல்களைத் தயாராக விரித்து வைத்துக்கொண்டு, முதல் இலக்கத்திலிருந்து வகுக்க ஆரம்பித்தார்.