தண்ணீர் வரை சொன்ன சங்கீதம்

எங்கள் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்போம். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை. கை ஒரு பக்கம் வேலை செய்தால் வாய் ஒரு பக்கம் வேலை செய்யும். மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் கிரீஸ் தடவும்போதும் பேச்சு, கீழே குழிக்குள் இறங்கிக் கம்பி வடத்தைச் சோதிக்கும்போதும் பேச்சு. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் முதலில் கருவிப் பையைத் திறக்க மாட்டார். மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல. நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க, அதச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள், கதவு திறந்ததும் கதை பாதியில் நின்றுவிட்டதே என்ற முகத்தோடு வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். வாசிக்கக் கொடுத்தது ஒரு பகுதி என்றால், அதற்கு முன்னுரை என்று தானாக ஒரு பகுதி பேசிவிடுவார். போதகர் தொண்டையைச் செருமினால்தான் நிறுத்துவார்.

அவருடைய மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறார். டிரைவரம்மா என்றால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அளந்து பேசுகிறவர். அந்த வீட்டில் பேச்சு ரேடியோவுடையது, முடிவு டிரைவரம்மாவுடையது என்று சொல்வார்கள். பிள்ளைகள் இல்லை. ரேடியோவின் அக்கா கூடவே இருந்தார். தனிக்கட்டை. நாக்கு கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

ஒரு நாள் காலை வேலைக்குப் போன இடத்தில், மோட்டார் அறையில் ரேடியோ சரிந்து விழுந்தார். கூட வேலை செய்தவர் ஓடிப் போய்த் தூக்கியபோது வலது கை துணி மாதிரி தொங்கியதாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது காலில் கொஞ்சம் பலம் திரும்பியது. கை திரும்பவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது.

அடியோடு என்று சொல்வது தப்பு. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. "சரி."

வலிக்கிறதா என்றால் சரி. வலிக்கவில்லையா என்றால் அதற்கும் சரி. வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வாய் சரி என்று சொல்லும். கோபத்திலும் சரிதான். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. தான் சொல்ல நினைத்தது ஒன்று, வாயிலிருந்து விழுந்தது ஒன்று என்று அவருக்கே தெரியும். தெரிந்ததும் கண் கலங்கிவிடும்.

"பாத்தியா" என்றார் அக்கா, டிரைவரம்மாவிடம். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ என்ன சொன்னாலும் எதிர்வாதம் பண்ணினவன். இப்ப எல்லாத்துக்கும் சரிங்கறான். அனுபவிச்சுக்கோ." சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆலயத்து மக்கள் கூட்டங்கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். பெரும்பாலும் நல்ல மனசோடுதான். ஒருவர் மட்டும், வெள்ளைச் சட்டைக்காரர், தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு அடித்துச் சொன்னார்: "இந்த மாசம் முடியறதுக்குள்ள இவர் எழும்பிப் பிரசங்கமே பண்ணுவார். இது ஆண்டவர் கொடுக்கற வாக்குத்தத்தம். விசுவாசிச்சா போதும்மா."

டிரைவரம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இந்த மாசம்னு வேதத்துல எங்க இருக்கு? காட்டுங்க, நானும் படிச்சுக்கறேன்."

அவர் விழித்தார். "அப்படி இல்லம்மா, நம்ம விசுவாசம்..."

"ஐயா, என் விசுவாசத்த நான் பாத்துக்கறேன். ஆண்டவர் எனக்குத் தேதி போட்டுக் கொடுக்கல. தண்ணியக் கடக்கும்போது கூட இருப்பேன், தீயில நடக்கும்போது கூட இருப்பேன்னு சொல்லியிருக்கார். தண்ணியே வராதுன்னு சொல்லல. தண்ணி வந்திருச்சு. அதனால இப்ப அவர் கூட இருக்கணும். நான் அத மட்டும்தான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன். நீங்க புதுசா ஒண்ணச் சொல்லி, அது நடக்கலன்னா, இவர் அத வேற சுமக்கணும்."

வெள்ளைச் சட்டைக்காரர் டீயைக்கூடக் குடிக்காமல் போனார். கட்டிலில் இருந்து ரேடியோ, "சரி, சரி" என்றார். அந்த ஒரு முறை அது சரியான இடத்தில் விழுந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை. டிரைவரம்மா டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குடும்ப ஜெபத்தை ஆரம்பித்தார். முன்பு அதை நடத்துவது ரேடியோ. இவருக்கு நீளமாக ஜெபிக்க வராது. அதனால் வேதத்தில் ஆண்டவரை மேய்ப்பராகப் பாடும் அந்தச் சங்கீதத்தை, சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை, சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வரிக்கு மேல் போக முடியவில்லை. நிறுத்தினார்.

கட்டிலிலிருந்து ஒரு குரல் அதைத் தொடர்ந்தது.

கரகரப்பான, பழக்கப்பட்ட குரல். புல்லுள்ள இடம், அமைதியான தண்ணீர், நீதியின் பாதை என்று வார்த்தைகள் வரிசையாக, ஒன்றுகூடத் தடுக்காமல் வந்தன. அக்கா சமையலறையில் இருந்து கரண்டியோடு ஓடி வந்தார். ரேடியோவே மிரண்டு போய், தன் வாயை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரியில் நின்றுபோனது.

"பேசிட்டான்! தம்பி பேசிட்டான்!" என்று அக்கா போட்ட சத்தத்தில்தான் நாங்களெல்லாம் மேலே ஓடினோம்.

"என்னங்க," என்றார் டிரைவரம்மா, அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு. "தண்ணி வேணுமா? தண்ணின்னு சொல்லுங்க."

உதடு குவிந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. "ச... சரி" என்றது வாய்.

மறுபடி கேட்டார். சரி. மறுபடியும் சரி. ரேடியோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கினோம். கிடைத்தது கையிலிருந்தே பறிபோன மாதிரி இருந்தது எங்களுக்கு.

டிரைவரம்மாவுக்கு அப்படி இல்லை. மறுநாளே விடுப்பு போட்டுவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பார்க்க மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிப் போனார். அக்காவும் கூடப் போனார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விளக்கினாள். மனப்பாடமான பாட்டும் ஜெபமும் மூளையில் வேறு வழியாக வருமாம். யோசித்துப் பேசுகிற வழி அடைபட்டாலும் அந்த வழி பல பேருக்குத் திறந்தே இருக்குமாம்.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப அது அற்புதம் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் கோயிலுக்கெல்லாம் போறவ இல்ல. ஆனா ஒரு கதவு திறந்திருக்கு. அந்தக் கதவு வழியா உள்ள போய் ஒவ்வொரு வார்த்தையா வெளிய தூக்கிட்டு வரலாம். கஷ்டம். ரொம்ப நாள் ஆகும். முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"நீங்க கொடுக்க வேண்டாம்மா," என்றார் டிரைவரம்மா. "எப்படித் தூக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் கேட்பது ஒரு பெரிய காரியமாகிவிட்டது. தாகம் எடுத்தால் ரேடியோ சங்கீதத்தை முதலில் இருந்து தொடங்குவார். மேய்ப்பரைக் கடந்து, புல்வெளியைக் கடந்து, "தண்ணீர்" என்ற இடத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டுக் கையை நீட்டுவார். அக்கா செம்போடு காத்திருப்பார். நிறுத்தத் தவறி அடுத்த வரிக்குப் போய்விட்டால் மறுபடி முதலில் இருந்து வர வேண்டும். "சீக்கிரம் வாடா, தண்ணி காஞ்சிரும்" என்பார் அக்கா.

பசித்தால் இன்னும் தூரம் போக வேண்டும். பந்தி என்ற சொல் பின்னால்தான் வருகிறது. நிரம்பி வழிகிற பாத்திரம் அதற்கும் பின்னால். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த தடியான மனிதர் உள்ளே நுழைந்த ஒரு நாள், ரேடியோ அவசர அவசரமாகச் சங்கீதத்தை ஓட்டிக்கொண்டு போய் "சத்துரு" என்ற இடத்தில் நிறுத்தி, அவரைச் சுட்டிக்காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்டது. படுத்த பிறகு அவர் செய்த முதல் நகைச்சுவை அது.

விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் டிரைவரம்மா அவரோடு உட்காருவார். திரும்பி வந்ததும் மறுபடி. ஒரு வார்த்தையைச் சங்கீதத்துக்குள் சொல்ல வைப்பது, பிறகு முன்னால் இருக்கிற வரியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பது, கடைசியில் அந்த வார்த்தையைத் தனியாக நிற்க வைப்பது. பல நாள் ஒன்றும் நகராது. நகர்ந்தது மறுநாள் வழுக்கி விழும்.

அப்படி ஒரு வழுக்கலில் ரேடியோ விட்டுவிட்டார். பயிற்சி அட்டைகளைத் தள்ளிவிட்டார். சங்கீதத்தை ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டார். மேலே விரலைக் காட்டி, பிறகு நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினார். இல்லை. அங்கே யாரும் இல்லை.

டிரைவரம்மா ஆட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஜெபம் பண்ண முடியலன்னு சொல்றீங்களா? உங்க வார்த்தையில அவரோட பேச முடியல, அதனால அவரும் போயிட்டார்னு?"

கண்ணீர் விழுந்தது. "சரி."

"எனக்கு ஒண்ணு தோணுது. இன்னிக்கு வண்டி ஓட்டும்போது நினைச்சேன். நீங்க நிறுத்தி நிறுத்திச் சொல்றதாலதான் என் காதுல விழுந்துச்சு. ஆரம்பத்துல எல்லாம் அவர், அவர்னே வருது. அவர் மேய்க்கிறார், அவர் நடத்துறார். நல்ல இடம், புல்லு, தண்ணி. இருட்டுப் பள்ளத்தாக்கு வந்ததும் பாருங்க, 'அவர்' போயிடுச்சு. 'நீர்'னு வருது. நீர் கூட இருக்கீர்னு. அங்கதான் நேருக்கு நேர் பேச்சே ஆரம்பிக்குது. வெளிச்சமா இருந்தப்ப அவரப் பத்தி ஊரெல்லாம் பேசினீங்க. இப்ப அவர்கிட்டயே இருக்கீங்க. வார்த்தை வராட்டி பரவாயில்ல. நமக்கு வாய் வராதப்ப பரிசுத்த ஆவியானவரே பெருமூச்சா நமக்காக வேண்டிக்கறார்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறந்தார்.

"ஏன்டா, ஆமென்னா என்ன அர்த்தம்? அப்படியே ஆகட்டும்னுதானே? அதாவது சரின்னுதானே? நீ காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆமென் போட்டுக்கிட்டு இருக்கே. எங்களவிட நீதான்டா அதிகமா ஜெபம் பண்றே."

முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று டிரைவரம்மா நினைத்தார். சிரிப்பு. அழுகையும் கலந்துதான் இருந்தது. தள்ளிவிட்ட அட்டைகளை நோக்கி இடது கையை நீட்டினார்.

குளிர் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதபாடம் வாசிக்க அவர் போவதென்று முடிவானது. போதகர் தயங்கினார். "கஷ்டப்பட்டுட்டா அவருக்கே மனசு உடைஞ்சிருமேம்மா."

"உடைஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் ஐயா. நீங்க இடத்த மட்டும் கொடுங்க."

ஊன்றுகோலோடு படியேறி நின்றார். முன்னுரை இல்லை. நேராகத் தொடங்கினார். பள்ளத்தாக்கு வரும் இடத்தில் நாக்கு சிக்கிக்கொண்டது. பின் வரிசையில் யாரோ உதவுவதற்காக வரியைச் சொல்ல ஆரம்பித்தார்கள். டிரைவரம்மா திரும்பாமலே கையை உயர்த்தினார், வண்டியை நிறுத்துகிற மாதிரி. குரல் அடங்கியது. ரேடியோ மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வரிக்குப் போனார். மறுபடி அதே இடம், மறுபடி சிக்கல். திரும்பவும் முதல் வரி. அந்த முறை பள்ளத்தாக்குக்குள் இறங்கி, "நீர் என்னோடு" என்று சொன்னார். சொன்னதும், அடுத்த வரிக்கு ஓடாமல், அங்கேயே நின்று இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை மெதுவாக, தேடி எடுத்து, தானாகச் சொல்வது போல. நான் முன்வரிசையில் இருந்தேன். அது மனப்பாடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முடிக்க வழக்கத்தைவிட மிக அதிக நேரம் ஆனது. போதகர் தொண்டையைச் செருமவில்லை.

அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கை இன்றும் தொங்குகிறது. மோட்டார் அறைக்கு இனி அவர் ஏற முடியாது. கம்பெனி அவருடைய கருவிப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் வார்த்தைகள் வருகின்றன, நொண்டியபடி, ஒன்றிரண்டாக. போன மழைக்காலத்தில் ஒரு காலை, டிரைவரம்மா டிப்போவுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் சத்தம் கேட்டது.

"நில்லு."

திரும்பினார். ரேடியோ ஜன்னலைப் பார்த்தார். வாய் கோணியது, மூடியது, திறந்தது. அந்தச் சங்கீதத்தில் எங்கும் இல்லாத ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். டிரைவரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. காத்திருந்தார்.

"மழை," என்றார். பிறகு, "குடை."

அன்று அவர் டிப்போவுக்குத் தாமதமாகத்தான் போனார். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, "வீட்டுக்காரர் பேசிட்டு இருந்தார் சார், பாதியில விட்டுட்டு வர முடியல" என்றாராம்.