குன்னத்துகால் சர்வர் தனியாக நின்ற மூன்று நாட்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூன்று கிளைகளையும் ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஓர் எதிரி கிடைத்தார். உதியன்குளங்கரைக் கிளையின் மூத்த லேப் டெக்னீஷியன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கூப்பிட்டேன்.

அதுவரை எல்லா முடிவுகளும் அவருடைய மேசைக்கடியில் இருந்த ஒரே கணினியில்தான் கிடந்தன. அது படுத்தால் மற்ற இரண்டு கிளைகளான குன்னத்துகாலிலும் அதியன்னூரிலும் வேலை நின்றுவிடும். மூன்று இடத்திலும் ஒவ்வொரு சர்வர் வைத்து, மூன்றிலும் ஒரே பதிவுகள் இருக்கும்படி செய்வது என் திட்டம்.

“எலே, இந்தப் பெட்டி ஒம்பது வருசமாட்டு எனக்கு ஒரு கேடும் செய்யல்ல. மூணாக்கினா மூணு தலைவலியாக்கும்” என்றார்.

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது சேச்சி” என்றேன். காத்திருந்த நோயாளிகள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

உதியன்குளங்கரையில் வைத்த முதல் சர்வரில் மட்டும்தான் ‘தொடங்கு’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். மற்றவை அதன் முகவரியைத் தேடி வந்து சேர வேண்டும். அதியன்னூர் சேர்ந்தது, குன்னத்துகால் சேரவில்லை. அதற்குள் உதியன்குளங்கரையில் சேச்சிதான் வயரைப் பிடுங்கியிருப்பார் என்று முடிவுகட்டி, குன்னத்துகாலில் இருந்தபடி போனில் கத்தினேன்.

“உனக்க வயர நான் தொடவும் இல்ல, தொடப்போறதும் இல்ல. போன வய்யி.”

அந்த ஆத்திரத்தில் குன்னத்துகாலிலும் ‘தொடங்கு’ என்றே கொடுத்தேன். எல்லாம் சரி என்று திரை காட்டியது. எத்தனை சர்வர்கள் சேர்ந்திருக்கின்றன என்று நான் பார்க்கவில்லை. குன்னத்துகால் தனியாக, தன் போக்கில் நோயாளிகளுக்கு எண் கொடுக்க ஆரம்பித்தது. அதே எண்களை மற்ற இரண்டும் வேறு ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் சேச்சி என்னை வரச்சொன்னார். மேசையில் ஒரு சீட்டும் ஒரு ரிப்போர்ட்டும். குன்னத்துகாலில் ரத்தம் கொடுத்த ஓர் அம்மா, ரிப்போர்ட்டை உதியன்குளங்கரையில் வாங்க வந்திருக்கிறார். எண்ணைத் தட்டியதும் வந்தது வேறொருவருடைய ரிப்போர்ட்.

“நம்பரு மட்டும் ஒண்ணு. பேரும் வேற, வயசும் வேற. இதுல சர்க்கரை இல்லேண்ணு இருக்கு, குன்னத்துகால்ல போன்ல கேட்டா அவளுக்கு முன்னூறு உண்டு. நான் பேரப் பாக்காம குடுத்திருந்தா?”

அன்றே தேடிப் பார்த்தேன். குன்னத்துகால் சர்வரில் வெளித்தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வாலில் மற்ற கிளைகளுக்கு வழியைத் திறக்க நானே மறந்திருந்தேன். வயரை யாரும் தொடவில்லை.

வேண்டாம் என்று முதலாளி சொல்லியும் சேச்சி கையால் எழுதிவந்த பதிவேடுதான் காப்பாற்றியது. இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பெயரை வாசிப்பார், நான் திருத்துவேன். பிறகு குன்னத்துகால் சர்வரில் இருந்ததை அழித்து, அதை மற்ற இரண்டோடும் முறைப்படி சேர்த்தேன்.

கடைசியில் மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கிட்ட எதுக்கு? குன்னத்துகால்ல அந்த அம்மாகிட்ட போய்க் கேளு.”

போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, “இப்ப வந்தது எனக்க ரிப்போர்ட்தானா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை, மறுநாள் வேறு கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தார்.

மூன்று சர்வர்களும் இப்போது ஒழுங்காக ஓடுகின்றன. சேச்சி என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுவார். எனக்கும் அவரை இன்றுவரை பிடிக்கவில்லை.