இஞ்ச் டேப்பின் மறுமுனை

டெக்சாஸில் ஒரு கல்லூரி ஊரில் நாற்பத்தாறு மாணவிகள் சங்கமாகச் சேர்ந்து குடியிருந்த வீட்டுக்கு ஜோசபின் ஹவுஸ் மாம். அந்த மாதிரி வீட்டைச் சொராரிட்டி என்பார்கள். சமையல்காரருக்கு மெனு சொல்ல வேண்டும், ஆண்பிள்ளைகள் மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பரீட்சைக்கு முன் அழுகிறவளுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். கணவர் பிலிப் தொண்ணூற்றைந்தில் மாரடைப்பில் போனதும் டாலஸ் அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு வந்தவள். கீழே ஹாலை ஒட்டியிருந்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு. வேறு போக்கிடம் கிடையாது.

ரெனிஷா அங்கே சேர்ந்தது தொண்ணூற்றேழில். குடும்பம் டாலஸை ஒட்டிய காப்பெல்லில் இருந்தது. மாதம் ஒருமுறை சர்ச்சில் நடக்கும் தமிழ்ப் பூசையில் ஜோசபினுக்குப் பழக்கம். பெண்ணை வெளியே தங்கவிட அவள் அம்மாவுக்குத் துளியும் மனமில்லை. "நான் இருக்கேன்லா, எம் பொண்ணு மாதிரி பாத்துக்கிடுதேன்" என்று ஜோசபின் வாக்குக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அந்த அம்மாவின் போன் வந்துவிடும்.

மற்றவர்களுக்கு ஜோசபின் 'மாம்'. ரெனிஷாவுக்கு மட்டும் 'ஆன்ட்டி'. அந்த ஒரு சொல்லில் மனுஷி உருகிப்போனாள். அறையில் சமைக்கக் கூடாதென்று அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த ரைஸ் குக்கர் அவளுக்காகவே வெளியே வரும். தமிழில் என்ன கேட்டாலும் பெண் இங்கிலீஷில்தான் பதில் சொல்லும். பிள்ளைக்குப் புரிகிறதே, அது போதும் என்று ஜோசபின் விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் ஹாலைப் புதுப்பிப்பதென்று முடிவாயிற்று. இன்டீரியர் டிசைன் படிக்கும் ரெனிஷாதான் கமிட்டித் தலைவி. சோபா பச்சையா கிரீமா என்பதற்கே இரண்டு வாரம் சண்டை நடந்தது. நாற்பத்தாறு வாய், ஒரு சோபா, கேட்க வேண்டுமா?

ஒருநாள் ரெனிஷா இஞ்ச் டேப்போடு வந்தாள். "ஆன்ட்டி, கேன் யூ ஹோல்ட் திஸ் எண்ட்?" என்றாள். ஜோசபின் ஒரு முனையைப் பிடித்தாள். ஹாலை அளந்து முடித்ததும் ரெனிஷா அவள் அறைக்குள் நுழைந்து அதையும் அளந்தாள். எதற்கு என்று ஜோசபின் கேட்கவில்லை. கேட்டால் தனக்கும் புதுக் கார்ப்பெட் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம். தருகிறவர்கள் தாங்களாகத் தரட்டும் என்று வளர்ந்த ஜென்மம். கட்டிலைத் தானே நகர்த்திக் கொடுத்தாள். ஹால் பக்கத்துச் சுவரைத் தட்டிக்காட்டி, "இது வெறும் அட்டை, நீங்க பேசுறதெல்லாம் எனக்குக் கேக்கும்" என்று சிரிக்கவும் செய்தாள். ரெனிஷா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வீட்டை நிர்வகிக்கும் பழைய மாணவிகள் பிளானைப் பார்க்க வந்தார்கள். ஜோசபின் டீ டிரேயோடு சாப்பாட்டு அறைக்குள் போனாள். சுவரில் வரைபடம் தொங்கியது. ஹாலுக்கும் அவள் அறைக்கும் நடுவே சுவர் இல்லை. அவள் கட்டில் இருந்த இடத்தில் ஒரு கிரீம் சோபாவும் டிவியும் இருந்தன. அடுத்த செமஸ்டரிலிருந்து ஹவுஸ் மாம் வீட்டிலேயே தங்கத் தேவையில்லை, பகலில் வந்து போனால் போதும், அருமையான யோசனை என்று வந்தவர்களின் தலைவியம்மாள் ரெனிஷாவைப் புகழ்ந்தாள். ரெனிஷா வரைபடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜோசபின் டிரேயை மேசையில் வைத்தாள். இவளுக்காகவா குக்கரை ஒளித்து ஒளித்துச் சோறு பொங்கினோம் என்று நினைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்குச் சற்று முன்னால் ரெனிஷா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஆன்ட்டி, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. நீங்க இனிமே இங்க தங்கமாட்டீங்கன்னு தெரிஞ்சா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. போன் வந்தா எப்பவும் போல பேசுங்க."

சுத்தமான தமிழ். எங்கும் தடுக்கவில்லை, ஒரு சொல்லும் தேடவில்லை. இரண்டு வருஷம் சோறு போட்டும் வராத தமிழ், காரியம் ஆக வேண்டும் என்றதும் வந்துவிட்டது. அறை போனதைவிட இதுதான் ஜோசபினைக் கொன்றது.

போன் அடித்தது. ஜோசபின் எடுத்தாள்.

"எப்பிடி இருக்கா அக்கா, எம் பிள்ள? நீங்க இருக்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

"நல்லா இருக்கா. தமிழ்கூட அருமையா பேசுதா" என்றாள் ஜோசபின். "இங்கதான் நிக்கா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும் அவளுக்கு."

ரிசீவரை நீட்டினாள். ரெனிஷா கையை நீட்டவில்லை. ஜோசபின் அதைப் பிடித்தபடியே நின்றாள், அன்றைக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல. இந்த முறை எதற்காகப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.