மேடான் எட்டு, மலேசிய ஒன்பது

என் மகளுக்கு மலேசியாவில், புலாவ் செபாங் கோயிலில் கல்யாணம். பதினொன்றரைக்குள் தாலி ஏற வேண்டும். எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் பெண்ணை மணையில் உட்கார வைக்க வேண்டும். அந்த மாமன், என் தம்பி, இந்தோனேசியாவில் மேடானில் இருக்கிறான். இரண்டு நாள் முன்பு காலையில் போன் செய்தான்.

“கல்யாணத்தன்னிக்கு காலையில எட்டு மணிக்கு பிளைட் ஏறுறேன்கா. ஒரு மணி நேரம்தான் லா. ஒன்பதுக்கு சுபாங் ஏர்போர்ட், அங்கேருந்து கார்ல பதினொன்னுக்குக் கோயில்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவரும் சரியென்று தலையாட்டினார். எனக்குத்தான் உறுத்தியது.

“அங்க இப்ப மணி என்னடா?”

“ஏழு.”

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் எட்டு.

“மடையா! உன் எட்டு எங்களுக்கு ஒன்பது. நீ வந்து சேர பன்னிரண்டாயிடும். டிக்கெட்ட மாத்தி முதல் நாளே வா!”

வந்தான். மணையில் அவனே உட்கார வைத்தான். நேரத்தில் தாலி ஏறியது. இப்போதெல்லாம் யார் விமான நேரம் சொன்னாலும், எந்த ஊர் மணி என்று கேட்காமல் நான் போனை வைப்பதில்லை.