வயிறு சரியில்லாததால் வயிறு வரவில்லை

போன வெள்ளிக்கிழமை ஒரு பரோட்டாவை உயிரோடு விழுங்கினேன்.

பரோட்டாவின் பெயர் மாரீஸ்வரன். நாலாம் வகுப்பு. விழுங்கும்போது அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான்.

பதறாதீர்கள்... சொல்கிறேன்.

சிவகாசியை ஒட்டி விஸ்வநத்தத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே டீச்சராக இருக்கும் ஸ்டெல்லா, காலேஜில் எனக்கு ஜூனியர். மனித உடல் பாடத்தை நாடகமாகப் போடுகிறேன், பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். ஒரு எண்ணெய் பரோட்டா வாய்க்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறுகிற வரை — அதுதான் கதை. அந்த 'வெளியேறுகிற' காட்சியை எப்படிக் காட்டப் போகிறாளோ என்ற கவலை எனக்கு விருதுநகரில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது.

போய் இறங்கினால், கேட்டிலேயே நிற்கிறாள்.

"அக்கா, வயிறு வரல."

"யாருக்கு?"

"வயிறா நடிக்கிற பய வரலக்கா. காலையில இருந்து அவனுக்கு வயித்தால போகுதாம்!"

வயிறு சரியில்லாததால் வயிறு லீவு! நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. சூலக்கரையில் நடக்கவிருக்கும் மாவட்ட அறிவியல் விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுக்க அன்றைக்கு ஒரு அதிகாரி வருகிறார். தேர்வானால் வகுப்பு மொத்தத்துக்கும் வேன் பயணம். தேர்வுக்கு முன்பே, வேனில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட்டு, அழுது, ராசியும் ஆகியிருந்தார்கள். இனி எப்படி 'இல்லை' என்று சொல்வது?

"வேற பிள்ளைய நிப்பாட்ட வேண்டியதுதான?"

"எல்லாத்துக்கும் வேல இருக்குக்கா. சிறுகுடலுக்கே பாதி வகுப்பு போயிருச்சு. உங்களுக்கு டயலாக்கே கிடையாது. பரோட்டா உள்ள வந்தா கட்டிப் பிடிச்சுக் குலுக்கணும், அம்புட்டுதான்!"

சொல்லிக்கொண்டே, பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு பெரிய பையை என் தலைவழியே மாட்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த டீச்சருக்குத்தான் சரியா இருக்கு" என்றாள். பாராட்டா அது? இன்றுவரை தெரியவில்லை.

மேடைக்கு எதிரே நல்ல கூட்டம். பட்டாசுக் கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள், அச்சகத்திலிருந்து மை காயாத கையோடு வந்த அப்பாக்கள். சிறுகுடல் முழுக்க காலண்டர் வேஸ்ட் தாள். மடிப்புக்கு மடிப்பு ஜனவரி, பிப்ரவரி என்று போய், டிசம்பர் முடிகிற இடத்தில் பெருங்குடல் ஆரம்பமானது.

இதயம் — முனீஸ்வரி. ஒல்லியான பெண். கையில் ஒரு சிவப்புக் குடை. ஸ்பீக்கரில் 'லப்-டப்' சத்தம் வர வர, குடையை விரித்து விரித்து மூட வேண்டும். அந்தத் தாளத்துக்குத்தான் சிவப்பு ரிப்பன் கட்டிய ரத்தப் பிள்ளைகள் மேடையைச் சுற்றி ஓடுவார்கள். அவளுக்கும் வசனம் இல்லை.

"அவ பேசுனா பக்கத்து பெஞ்சுக்கே கேக்காதுக்கா. அதான் குடையக் குடுத்துட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

நாடகம் ஆரம்பித்தது. பற்கள் இரண்டு வரிசையாக நின்று பரோட்டாவை மொத்தின. உமிழ்நீர் தண்ணீர் தெளித்தது. உணவுக்குழாய் வழியே வழுக்கி வந்து, என் பைக்குள் பொத்தென்று விழுந்தான் மாரீஸ்வரன். கட்டிப் பிடித்தேன். குலுக்கினேன். அவனுக்கோ கூச்சம்!

"டீச்சர், கிச்சுகிச்சு மூட்டாதீக!"

"ஏலே, பேசாம செரிலே!" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஸ்பீக்கர் செத்தது. லப்-டப் நின்றது. குடை பாதி விரிந்த நிலையில் நின்றது. ரத்தம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தது. மேஜை மேல் நின்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த மூளைப் பையன், "இப்ப நான் என்ன சொல்லணும்?" என்று சத்தமாகவே கேட்டான். முன்வரிசையில் அதிகாரி பேனாவைத் திறந்தார்.

போச்சு. வேன் போச்சு. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பைக்குள் மாரீஸ்வரன்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

"லப்! டப்! லப்! டப்!"

முனீஸ்வரி! கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலால் மேடையை ஓங்கி ஓங்கி மிதித்து, தொண்டை கிழியக் கத்துகிறாள். குடை படபடவென்று விரிகிறது, மூடுகிறது. கூட்டத்தின் கடைசியில் ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"ஏ யாத்தே... எம்மவளா இது!"

சொன்ன கையோடு, அதே தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அப்புறம் கூட்டம் மொத்தமும் தட்டியது. ரத்தம் பிய்த்துக்கொண்டு ஓடியது பாருங்கள்... அப்படி ஒரு ரத்த ஓட்டத்தை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்!

அந்த ஆரவாரத்தில் என் பரோட்டாவுக்குத் திசை மறந்துவிட்டது. கீழே சிறுகுடலுக்குப் போக வேண்டியவன், வந்த வழியே ஏறி, பற்களைத் தள்ளிக்கொண்டு, வாய் வழியாக வெளியே பாய்ந்து அதிகாரியின் காலடியில் போய் விழுந்தான்.

மூளைக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது.

"வாந்தி! வாந்தி! கெட்டுப்போன பரோட்டா! வயிறு வெளிய தள்ளிருச்சு!"

அதிகாரி சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலி ஆடியது. நான் சிரித்த சிரிப்பில் இரைப்பையின் தையல் பிரிந்தது. பரோட்டாவைத் தூக்கி மறுபடி வாயில் போட்டார்கள். இந்த முறை டிசம்பரைத் தாண்டி ஒழுங்காக வெளியேறினான். (அந்தக் காட்சியில் ஸ்டெல்லா ஒரு போர்வையைக் குறுக்கே பிடித்துவிட்டாள். நாகரிகம்!)

எல்லாம் முடிந்ததும் அதிகாரி முனீஸ்வரியைக் கூப்பிட்டார்.

"கரண்ட் போனப்ப உன்னக் கத்தச் சொன்னது யாரும்மா? டீச்சரா?"

"யாருஞ் சொல்லல சார்." மறுபடியும் அந்தப் பழைய குரல். குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நான் இதயம்ல... நின்னுட்டா எல்லாரும் செத்துருவாகல்ல?"

அவர் அவள் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான்.

பாடம் அதைத்தானே சொல்கிறது? மூளை இதயத்தின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் துடிப்பதற்கு இதயம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. தூண்டல் அதற்குள்ளேயே இருக்கிறது. மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு — வீட்டில், ஆபீஸில், தெருவில். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்குத்தான் நாம் டயலாக் கொடுப்பதே இல்லை!

நாடகம் தேர்வாகிவிட்டது. வேன் உறுதி. பிள்ளைகள் போட்ட கூச்சல் சிவகாசி வரை கேட்டிருக்கும். அதிகாரி கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்:

"விழா பிள்ளைகளுக்கு மட்டும்தான் டீச்சர். வயித்த மட்டும் மாத்திருங்க."

நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒரு இரைப்பைக்கு இப்படியா கட்டாய ஓய்வு கொடுப்பது?