பங்காளி கழனிக்குப் போன தண்ணீர்

என் கோபம் எங்கள் ஊரில் கொஞ்சம் பிரசித்தம். என் வீட்டுக்காரருக்கோ கோபமே வராது. கல்யாணமான புதிதில், மனிதருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கழனி. அதை ஒட்டி அவருடைய சித்தப்பா மகனின் கழனி. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வரப்புத் தகராறு வந்து, அந்தப் பங்காளி எங்கள் வண்டிப்பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். அதற்கப்புறம் நெல் கட்டுகளைத் தலையில் சுமந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தோம். பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

மறு வருஷம், கோடையில் அறுக்கும் நவரைப் பட்டத்தில் பங்காளியின் மோட்டார் எரிந்துவிட்டது. எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றக் கொடுத்த கடையில் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். ஏரியிலும் தண்ணீர் இல்லை. பயிரோ பால் பிடிக்கும் பருவம். அப்போது காய்ந்தால் அத்தனையும் பதர்தான், வருஷச் சாப்பாடே போச்சு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

கரெண்ட் முறை வைத்து வந்த காலம் அது. பகல் முறை வந்ததும் என் வீட்டுக்காரர் எங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டு, நேராகப் போய் பங்காளி கழனியின் மடையைத் திறந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. எங்கள் கடைசிக் கழனியே வெடித்துக் கிடந்தது.

"ஏன்யா, உனுக்கு ரோசமே கெடயாதா? நம்ம வயிய அடச்சவன்யா அவன்."

"அடச்சது அவன் கொணம். தண்ணி வுடறது என் கொணம். அவனப் பாத்து நான் என் கொணத்த மாத்திக்கினா, அப்பறம் எனுக்குன்னு இன்னா கீது?"

கொஞ்ச நேரத்தில் பங்காளி வந்தார். எங்களைப் பார்க்காமல் நாலு வெட்டு மண்ணைப் போட்டு மடையை அடைத்துவிட்டுப் போனார். "பாத்தியா?" என்றேன்.

"வுடறது என் கைல கீது. வாங்கறதும் வாங்காததும் அவன் கைல."

மறுநாளும் இவர் திறந்தார், பங்காளி அடைத்தார். வீட்டுக்கு வந்து இவர் நன்றாகத்தான் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பழையசீவரத்தில் ஒரு சாவு என்று இவர் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். மடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டாயம் முடியாது என்றிருப்பேன். கரெண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றேன். எங்கள் கழனிக்கு விட்டால் யாரும் ஒரு குறை சொல்லப் போவதில்லை. ஆனால் பங்காளியின் பயிர் நுனி சுருண்டு நின்றது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பயிர் என்ன பாவம் செய்தது? பங்காளியைத் திட்டிக்கொண்டே, இவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, அந்த மடையை வெட்டித் திறந்தேன்.

பங்காளி வந்தார். இன்று அடைத்தால் சும்மா விடுவதில்லை என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் குனிந்து வாய்க்காலில் கிடந்த புல்லை வழித்து எறிந்தார்.

"அண்ணி, உங்க கடசி கயனி காயுது. மொதல்ல அதுக்கு வுடுங்க. எனுக்கு மீந்தது போதும்."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"உன் பயிரு பால் புடிக்கற நேரம். மொதல்ல நீ பாச்சிக்கோ," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம். இவரோடு குடித்தனம் பண்ணிய இத்தனை வருஷத்தில், எனக்குத் தெரியாமலே இவர் குணம் கொஞ்சம் என் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. புருஷனிடம் போய் யார் நன்றி சொல்கிறார்கள்? பங்காளியிடம்தான் சொன்னேன்.

"உங்க அண்ணனக் கட்டிக்கினது நான் செஞ்ச புண்ணியம்."

அவர் நிமிரவில்லை. மடைவாய் மண்ணை ஒதுக்கியபடியே சொன்னார்:

"கூடப் பொறக்காமயே எனுக்கு அண்ணனாக் கெடச்சாரே, அண்ணி."